வந்த காரணம்

லிங்கராஜபுரம் கிளை நூலகத்து
வருகைப் பதிவேட்டில் நான்கு கட்டம்:
பெயர், வயது, நேரம், வந்த காரணம்.
பென்ஷன்காரர்கள் 'பேப்பர்' என்று எழுதுவார்கள்.
வேலை தேடுகிறவர்கள் 'எக்ஸாம்'.
பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
ஏப்ரல் முழுக்க
ஒரு கையெழுத்து இல்லை.

சுற்றறிக்கை வந்தது:
வளரிளம் பருவத்தினரை ஈர்க்கவும்.
எப்படி என்று அதில் இல்லை.
நான் ஒரு போஸ்டர் ஒட்டினேன்.
புத்தகத்துக்குச் சிறகு முளைத்த படம்.
மறுநாள் அதற்கு மீசையும் முளைத்திருந்தது.
சரி,
வாசல்வரை வந்திருக்கிறார்கள்.

மே கடைசியில் ஒரு மாலை
ஆலங்கட்டியோடு மழை.
மேம்பாலத்தடியில் ஒதுங்கி நின்றவர்கள்
அங்கேயும் தண்ணீர் ஏறியதும்
உள்ளே ஓடிவந்தார்கள். ஏழு பேர்,
ஒரு கிரிக்கெட் மட்டை,
தரையெல்லாம் சேறு.
'வெளியே நில்லுங்க' என்று சொல்லத் திறந்த வாய்
'ஃபேன் போடவா' என்று கேட்டுவிட்டது.

பதிவேட்டை நீட்டினேன்.
பெனடிக்டா எழுதினாள்: மழை.
ஷாஹித்: சார்ஜ் 4%.
முனிராஜு: பாத்ரூம்.
யோகராணி பேனாவைக் கடித்துக்கொண்டு நின்று
கடைசியில்: வீட்டில் சத்தம்.

இங்கேயும் சத்தம்தான், அவர்கள் வந்தபிறகு.
ராமசந்திர ராவ் கண்ணாடியைக் கழற்றி
சுவரைக் காட்டினார்.
'அமைதி காக்கவும்.'
அவருக்கு முன்னறையைத் திறந்துகொடுத்தேன்.
பின்னறையில் பலகையைக் கழற்றினேன்.
அது இருந்த இடத்தில் மட்டும்
பழைய பச்சைப் பெயின்ட்
வெயில் படாத தோல் மாதிரி.

மழை விட்ட பிறகும் வந்தார்கள்.
எட்டு நாள் யாரும் ஒரு புத்தகத்தைத் தொடவில்லை.
நான் தொடச் சொல்லவுமில்லை
(சொல்ல நாக்கு துடித்தது, பொய் எதற்கு).
ஒன்பதாம் நாள்
போனைச் சாய்த்துவைக்க ஷாஹித் எடுத்தான்
இருப்பதிலேயே தடித்ததை:
கடல் உயிரினங்கள், இரண்டாம் தொகுதி.
கரண்ட் போனது. போன் செத்தது.
முட்டுக்கொடுத்ததைத் திறந்தான்.

'மேடம், ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்.'
'ஒண்ணையே சமாளிக்க முடியல'
என்றாள் பெனடிக்டா, பதினைந்து வயது.
முன்னறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.
ராவுடையது போலத்தான் இருந்தது.

காரணங்கள் மெல்ல மாறின.
முனிராஜு கன்னடத்தில் 'சும்னே' என்று எழுத
அதற்குக் கீழே பெனடிக்டா 'சும்மா',
அதற்குக் கீழே ஷாஹித் 'யூன்ஹி'.
ஒரே சோம்பலை
மூன்று பேர் முறித்த மாதிரி.
மாத அறிக்கையில் சும்மாவுக்குக் குறியீடு கிடையாது.
'இதர: 64' என்று அனுப்பினேன்.

யோகராணி மட்டும்
கடைசிக் கட்டத்தை இப்போது காலியாக விடுகிறாள்.
பெயர், வயது, நேரம். அவ்வளவுதான்.
ஜன்னலோர நாற்காலியில்
காலை மடக்கி உட்கார்ந்துவிடுகிறாள்.
தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்.

கேட்கட்டும்.