ஒன்பது மில்லிமீட்டர்

ரீகாவில் பிப்ரவரி. தௌகவா உறைந்து கிடந்தது.
உன் ரத்தத்தையும் இருபத்தெட்டு டிகிரிக்கு இறக்கி
என் எந்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.
டிராம் ஓட்டுகிறவன் நீ, தால்விஸ்;
அன்றைக்குப் பயணி.

பெருந்தமனி கிளம்பும் இடத்திலேயே
வெங்காயம்போல் புடைத்திருந்தது வேர்,
வெளிச்சம் ஊடுருவும் அளவு மெலிந்து.
உன் அண்ணனுக்கு அது கிழிந்தது
முப்பத்தொன்பதில், பால் வாங்கப் போன வழியில்.

முந்தின இரவு வார்டுக் கடிகாரத்தைக் கழற்றி
பேட்டரியைச் செவிலியிடம் கொடுத்தாயாம்:
"டிக் டிக்கென்றால் தூக்கம் வராது.
எனக்குள்ளே ஒன்றை வைத்துவிடாதீர்கள்."

டாக்டர் ஸீக்ரிடா வேரை அரிந்தெடுத்தார்.
மிச்சம் வைத்தது மூன்று இதழ்கள்,
இதயத்துக்கே ரத்தம் தரும் நாளங்களின் இரண்டு பொத்தான்கள்.
வெள்ளைத் துணிக்குழாய்க்குள் இதழ்களை நிறுத்தித் தைத்து
தண்ணீர் ஊற்றினார்.
நின்றது.
பிறகு மெல்ல இறங்கியது.
ஓர் இதழ் தொங்கல்.

தட்டில் உலோக வால்வு தயார்.
யாரும் அதைப் பார்க்கவில்லை என்றுதான்
எல்லோரும் பார்த்தோம்.
"இதயம் நின்று எத்தனை நிமிடம்?"
"நூற்றுப் பதினாறு."
அவர் நூலைத்தான் கேட்டார்.
விளிம்பின் நடுவே ஒரே தையல்,
இமைமுடி கனம்.
அளந்தார்: ஒன்பது மில்லிமீட்டர்.
மறுபடி தண்ணீர்.
நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.

குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கி
உன் ரத்தத்தை உன்னிடமே விட்டேன்.
திரையில் பின்னோக்கி ஒரு நூல்கூட இல்லை.

நீ டிராமுக்குத் திரும்பிவிட்டாய்.
அந்த வார்டில் மட்டும்
மணி இன்னும் நாலேகால்.
பேட்டரி எங்கே என்று
ஒருவரும் கேட்கவில்லை.