நான்காம் அறையின் பதிவேடு

விற்பனையும் ஒரு போர்தான் என்கிறார் ரஸெட்டி மேடம்.
துணிச்சலைப் பற்றிப் பத்து நிமிடம்
பேசச் சொல்லியிருக்கிறார்.
ரொசாரியோவின் இந்தக் குளிர்கிடங்கில்
தீவுகளுக்குப் போய்த் திரும்பியவன் நான் ஒருவன்தான்.

நண்பர்களே,
போர் என்பது பெரும்பாலும் ஈரக் காலுறை.
காய்ந்த ஜோடி ஒன்றை வயிற்றோடு கட்டி வைத்திருங்கள்.
சுடுவது பற்றி எனக்கு அதிகம் தெரியாது,
என் துப்பாக்கி மூன்றாம் நாளே சிக்கிக்கொண்டது.
பயம் வரும். வரட்டும்.
பயமே வராத கொர்வாலான்
எழுந்து நின்று சிகரெட் பற்றவைத்தான்.
அவ்வளவுதான்.

தோல்வியைப் பற்றியும் சொல்லச் சொன்னார்கள்.
தோற்றோம்.
துப்பாக்கிகளைக் குவியலில் போட்டோம்,
பாத்திரம் கழுவும் சத்தம்.
அதிலிருந்து பெரிதாக எதையும் கற்கவில்லை.
கப்பலில் எதிரி ஊற்றிய சூப்பை
அழுதுகொண்டே இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

சொல்ல வந்தது வேறு.
பிடிபட்டபின் ஒரு கொட்டகையைக் கூட்ட அனுப்பினார்கள்.
கூரைவரை சாக்லேட், இறைச்சி டப்பா,
கம்பளிக் காலுறை.
மேசைமேல் பதிவேடு.
என் பெயருக்கு எதிரே: வழங்கப்பட்டது.
கையெழுத்தும் இருந்தது. அழகான கையெழுத்து.
என்னுடையதல்ல.
ஐம்பது நாள் நான் கிடந்த பட்டினி
அந்தத் தாளில் நடக்கவே இல்லை.

போன பிப்ரவரியில் நான்காம் அறைக்குப்
பதினோரு மணி நேரம் மின்சாரம் இல்லை.
மைனஸ் பதினெட்டு என்று எழுதச் சொன்னீர்கள், மேடம்.
பிளஸ் ஆறு என்று எழுதினேன்.
ஊக்கத்தொகை போயிற்று.
இப்போது வாசலில் லாரி எண்ணுகிறேன்.

யோக்கியன் என்று கைதட்டிவிடாதீர்கள்.
தொண்ணூற்றொன்பதில்,
மகளின் பல்லுக்குக் கம்பி கட்டப் பணம் தேடிய மாதம்,
இதே கையால் மைனஸ் பதினெட்டு எழுதியவன் நான்.
அந்த இறைச்சியை யார் தின்றார்கள், தெரியாது.
மகளுக்குப் பல்வரிசை நேராகிவிட்டது.
அவள் சிரிக்கும்போது
சில நாள் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கேள்விகள் உண்டா என்றார் மேடம்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.
சரக்கேற்றும் விர்ஹீனியோ மட்டும் கை தூக்கினான்:
அந்த ஜோடி கடைசிவரை
காய்ந்தே இருந்ததா?

தெரியாது என்றேன்.
கொர்வாலானைப் புதைக்கும்போது
அவனுக்குப் போட்டுவிட்டேன்.