மீதி வளையம்

அம்பத்தூர் எஸ்டேட்டில்
கறுப்பு ரப்பர் வளையங்களை
லென்ஸுக்கு அடியில் உருட்டிப் பார்ப்பது என் வேலை.
மோதிர விரலுக்குக் கொஞ்சம் பெரிது,
கட்டைவிரலுக்குச் சரி.
போட்டுப் பார்க்கக் கூடாது. பார்த்திருக்கிறேன்.

நாற்பதில் ஒன்றைத் தள்ளுவேன்.
முடியளவு கீறல், ஊசிமுனைக் கொப்புளம்,
சில சமயம் காரணம் எழுதத் தெரியாத ஒரு சந்தேகம்.
"இதுல என்னம்மா குறை?" என்பார் தணிகாசலம் சார்.
"தெரியல சார், மனசு ஒட்டல."
சிரித்துக்கொண்டே சிவப்புத் தொட்டியில் போடுவார்.

அந்த லாட்டில் தேறியவை பதினொன்று.
பத்து போயின,
ஆளில்லாத சரக்குக் கப்பலொன்றின்
தண்ணீர்க் குழாய் இணைப்புக்கு.
ஒன்று எங்களிடமே,
'வைப்பு மாதிரி' என்று சீட்டு ஒட்டிய உறைக்குள்,
இரும்பு பீரோவில்.
மேலே ஏதாவது ஒழுகினால்
கீழே இருப்பதைத்தான் விசாரிப்பார்களாம்.

கப்பல் கிளம்பிய மறுநாள்,
கொரட்டூரில் எங்கள் மொட்டைமாடி.
ஏழு பன்னிரண்டுக்கு, வடமேற்கில், நான்கு நிமிடம்
என்றது செல்போன்.
கீழ் போர்ஷன் ஜெபக்கனி அக்கா,
பேக்கிங்கில் என்னோடு இருப்பவள்,
துணி எடுக்கும் சாக்கில் வந்து நின்றாள்.
முதலில் நிலையம்:
அவசரமில்லாத ஒரு வெளிச்சம்.
ஒரு சாண் தள்ளி, பின்னால்,
மங்கலாய் இன்னொன்று.
டிரைவர் இல்லை, கிளீனர் இல்லை.
தக்காளி விதை, உள்ளாடை,
யாரோ கேட்டு அனுப்பிய ஊறுகாய்,
நானூறு லிட்டர் தண்ணீர்.

அப்போதுதான் தெருவில் லாரி ஹாரன்.
நான்கு நாளாய் வராத மெட்ரோ வாட்டர்
அந்த நான்கு நிமிடத்துக்குள் வந்து நிற்கிறது.
அக்கா துணியை என் தோளில் எறிந்துவிட்டு ஓடினாள்.
துணியைக் கொடியில் எறிந்துவிட்டு நானும்.
வரிசையில் ஒன்பதாவதாய் நின்று
குடத்தோடு அண்ணாந்தபோது
மின்கம்பிகளுக்கு மேலே ஒன்றுமில்லை.
லாரிக் குழாயின் வாயில்
பழந்துணி சுற்றியிருந்தார்கள்.
அப்படியும் பாதி ஒழுகிச் சாக்கடைக்குப் போனது.

இணைந்துவிட்டது என்று மறுநாள்
வாட்ஸ்அப் பார்த்துச் சொன்னார் சார்.
ஒழுகவில்லை.
ஒழுகாத ஒன்றைப் பற்றி
அதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை.

ஐந்து மாதம்.
கொண்டுபோனதைக் கொடுத்து முடித்த கப்பலில்
குப்பையை ஏற்றினார்கள்.
அழுக்குத் துணி, கழிவு, காலி உறைகள்.
கழற்றி, பசிபிக் மேலே தள்ளிவிட்டார்கள், எரிய.
வழி தவறி அல்ல.
திரும்பி வருவதற்கென்று அது செய்யப்படவேயில்லை.
பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
அந்த நேரம் கேன்டீனில்
டீயில் பொறை நனைத்துக்கொண்டிருந்தேன்.
இரும்பு சிவப்பதற்கு முன்பே
என் பத்தும் போயிருக்கும்.

பயணம் முடிந்தால்
வைப்பு மாதிரியை வெட்டி அழிக்க வேண்டும். விதி.
பதிவேட்டில் எழுதினேன்:
வெட்டி அழிக்கப்பட்டது.
தேதி. கையெழுத்து.
சாட்சிக்கு ஜெபக்கனி அக்கா,
என் முகத்தைப் பார்க்காமலே போட்டாள்.

எங்கள் சமையலறை டிரம்மின் குழாய்
போன வருஷத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது,
கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணம்.
கிண்ணத்தை இன்னும் எடுக்கவில்லை.
ராத்திரி எழுந்தால்
பழக்கத்தில் உள்ளே விரலை விடுகிறேன்.
காய்ந்திருக்கிறது.