வெள்ளை அடித்த ஊர்

தேசப்பன் கப்பலிலிருந்து படம் அனுப்பியிருக்கிறான்.
நார்வேயில் ஏதோ ஒரு துறைமுகம்,
பேர் வாயில் நுழையவில்லை.
தண்ணி ஓரமாய் மரவீடுகள், எல்லாம் வெள்ளை.
இருநூறு வருசமாம்.
ஓர் ஆணி மாற்றவும் மனுப் போட வேண்டுமாம்.
மரம் எப்படி மட்கவில்லை என்றால்
உப்புக்காற்று இங்கேயும் உப்புதான் என்கிறான்.

காசிமேட்டில் எங்கள் ஹவுசிங் போர்டுக்கு
முப்பது வருசம்தான்.
கூரையில் கம்பி தெரிகிறது.
போன மாதம் வந்து பச்சை அடித்தார்கள்,
அந்தக் கம்பி மேலும்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
ஜன்னலில் காய்ந்த என் நைட்டியின்
ஒரு கையும் பச்சை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
கொடிக்கயிறு இல்லை. குடம் இல்லை.
வாசலில் ஒற்றைச் செருப்புகூட இல்லை.
"மீனை எங்க காயவைப்பாங்க?"

நீலக்கோடு இரண்டும் விழுந்து
பதில் வர ராத்திரி ஆனது:
"பாதி வீடு பூட்டிக் கிடக்குது.
வெயில் காலத்துக்கு மட்டும் வருவாங்களாம்.
ஆறு மணிக்கு மேல தெருவுல
நானும் ஒரு பூனையும்தான்."

கீழே ஐஸ் வண்டி வந்து நின்றது.
மூணாம் பிளாக்கில் தண்ணிச் சண்டை,
மோட்டார் போட்டது யாரென்று
மாடிக்கு மாடி கத்துகிறார்கள்.
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
ஒரு நிமிடம் பிடித்து அனுப்பினேன்.
எதுவும் எழுதவில்லை.

கட்டிலுக்கு அடியில்
விற்ற படகில் மிஞ்சிய பலகை ஒன்று,
ஆணியோடு.
காலில் இடிக்கிறதென்று
இந்த வாரம்தான் விறகுக்குப் போட இருந்தேன்.