மூலையில் ஒரு கல்

வடக்குச் சுவரின் கனம் மூன்றடி இரண்டங்குலம்.
லேசரை நம்பாமல் டேப் போட்டும் அளந்தேன்.
பெட்டகத்தில் இருந்த பழைய வரைபடம்
இரண்டடி என்கிறது.
பதினான்கு அங்குலம்
இத்தனை காலமும் யாரும் கேட்காமல்
சுண்ணாம்புக்குள் நின்றிருக்கிறது.

வரைந்தவர் பாதிரியார்.
அவர் பிறந்த ஊரின் கோயில்
நார்மானியர் கப்பலேறும் முன்பே பழசாம்.
சாக்சன்கள் கட்டியது:
குனியவைக்கும் வாசல்,
படியே இல்லாத கோபுரம், ஒரு கை மட்டும் நுழையும் சன்னல்கள்.
ஊதற்காற்றுக்கும் கொள்ளைக்காரனுக்கும் பயந்த சுவர்.
அதை நினைவிலிருந்து வரைந்தார்
ஜார்ஜ் டவுனில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி,
தாளில் வியர்வை சொட்டச் சொட்ட.

இங்கே தடுக்கக் குளிர் இல்லை.
சன்னல்கள் இருந்தும் ஒடுங்கின.
முதல் ஞாயிறன்று மூவர் மயங்கி விழுந்ததாக
சபைப் பதிவேட்டில் ஒற்றை வரி.
அடுத்த பக்கத்தில் பங்காவுக்குக் கயிறு, பதினெட்டு முழம்.

அந்தக் கயிறு போன துளை இன்னும் இருக்கிறது.
விரல் விட்டுப் பார்த்தேன்:
கீழ்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.
வெளியே வெயிலில் அமர்ந்து
கேட்காத பிரசங்கத்துக்குக் காற்று இழுத்தவன்
சுவரில் எழுதிவிட்டுப் போனது அவ்வளவுதான்.

கட்டியவர்களுக்குப் பெயர் இல்லை.
மதராஸிலிருந்து கப்பலில் வந்த கைதிகள்;
எண்கள் உண்டு.
217, கொத்து. 231, கொத்து. 240, சுண்ணாம்பு; காய்ச்சல்; அடிக்கப்பட்டது.
அரிசி, உப்பு, கருவாடு என்று
நேரான கையெழுத்தில் கூட்டல் பிசகாமல் போகிறது கணக்கு.
சுவர் மட்டும்
கணக்கில் இல்லாத கனம்.
சேற்றுநிலத்தைக் காலால் மிதித்துப் பார்த்த எவனோ
துரையிடம் சொல்லாமலே சேர்த்திருக்க வேண்டும்.

கல் என்று காட்டுவது கல் அல்ல.
செங்கல் மேல் சிப்பிச் சுண்ணாம்பு, கருப்பட்டி, முட்டை வெள்ளை
அரைத்துப் பூசிய சாந்து.
மூலைகளில் மட்டும் அதையே தடித்துச் சதுக்கி
பாதிரியார் கேட்ட சாக்சன் அடுக்கு:
நெடுங்கல் ஒன்று நிற்கும், அதன் தலைமேல் ஒன்று படுக்கும்,
மறுபடி நிற்கும், மறுபடி படுக்கும்,
கூரை வரை.
மூன்று மூலைகளிலும் பிசகே இல்லை.

வடகிழக்கு மூலையில் மழைநீர்க் குழாய்.
கோயில் ஊழியர் தவமணி
காலைப் பசியாறப் போன நேரம்
குழாயைக் கழற்றினோம்.
பின்னால், எட்டாவது வரிசையில்,
நிற்கவும் இல்லாமல் படுக்கவும் இல்லாமல்
ஒரு சதுரக் கல்.

நின்ற கோலம்.
கிடந்த கோலம்.
இரண்டையும் நாள் முழுக்கச் சாந்தில் பிடித்துக்கொண்டிருந்த கைக்கு
நடுவில் விட்டுப்போன ஒன்று
உறுத்தியிருக்குமா?

தெரியாது.
மழை வந்திருக்கலாம். கரண்டி கை மாறியிருக்கலாம்.
காய்ச்சலில் 240 போனபின்
மிஞ்சிய சாந்து அவ்வளவுதானோ என்னவோ.
தொட்டுப் பார்த்தேன்.
நான்கு விளிம்பும் நூல் பிடித்தது போல,
அவசரத்தில் செய்தது மாதிரி இல்லை.

சாரத்தில் ஏறிவந்த திருமதி குவா
பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சியபடி பார்த்தார்.
"பிழை. மற்ற மூலைகள் மாதிரி வரைந்துவிடு.
மறுபூச்சில் சரிசெய்துவிடலாம்."
அவர் கெட்டவர் இல்லை. இருபது கட்டடங்களை
இடிபடாமல் காத்தவர்.
வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கேட்கிறார்கள்.

தவமணி திரும்பி வந்து அண்ணாந்து நின்றார்.
இந்தக் குழாய் அவர் பிறக்கும் முன்பிருந்தே இங்கே.
"இது என்ன, உட்கார்ந்துகொண்டு?"
என்று மட்டும் கேட்டார்.

இரவு, தாளில் மூலையை வரைந்தேன்.
நிற்பது, படுப்பது, நிற்பது, படுப்பது.
எட்டாவது வரிசைக்கு வந்ததும்
அளவுகோலைத் திருப்பி வைத்தேன்.
நிலைமை என்ற கட்டத்தில்
விரிசல், ஈரம், உப்பு என்று எதுவும் எழுத இல்லை.
மொத்த அறிக்கையில் தமிழில் விழுந்த ஒரே சொல்:

இருக்கிறது.