எடை பார்ப்பவர் குளத்தைப் பார்க்கிறார்

ஐந்து மணிக்கு இடதுபக்கம் கொடுத்தேன்.
வலதுபக்கத்தை ஏழு மணிக்கென்று
சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்
தெப்பக்குளத்துக்கு.

நான்கு சுற்று. நேற்று மூன்று.
எந்தக் கரையில் திரும்பினாலும்
மைய மண்டபம் என்னையே பார்க்கிறது
அனுப்பானடிச் சித்தி மாதிரி.

கிழக்குக் கரையில் எடை மிஷின் வைத்திருப்பவர்
ஐந்து ரூபாயைத் துண்டுக்கடியில் போட்டுவிட்டு
குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்,
முள் ஆடி நிற்கும்வரை,
நான் இறங்கிச் செருப்பை மாட்டும்வரை.
இந்த ஊரில் என் உடம்பைப் பார்க்காத
ஒரே ஆள்.

எழுபத்தொன்றரை.
ஒரு மாதமாய் எழுபத்தொன்றரை.
இதில் ஏழு மணிக்குரியது எவ்வளவு?
கழித்துத்தானே சொல்ல வேண்டும்?
கேட்டால் சிரிப்பார். அல்லது
சிரிக்காமல் குளத்தையே பார்ப்பார்.

வயிற்றைச் சுற்றித் துணி கட்டினார்கள்.
சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு,
கருப்பட்டி போட்டு ஏதோ ஒரு களி.
"பிள்ளைக்குப் பாலு ஊறணும்ல, தின்னு" என்ற அதே வாய்
பேர் வைத்த அன்றைக்கு, பந்தியில்,
"என்னத்தா, உள்ள இன்னொண்ணு கெடக்கா?"

வைகாசியில் கொழுந்தனுக்குக் கல்யாணம், திருமங்கலத்தில்.
பச்சைப் பட்டின் ரவிக்கை
முழங்கைக்கு மேல் ஏறவில்லை.
அன்றிரவு சோற்றை நிறுத்தினேன்.
ஒச்சப்பனிடமும் சொல்லவில்லை.
ஒரு இட்லி, பசிக்கலை என்று ஒரு பொய்,
பொய்க்குத் தொட்டுக்கொள்ள வெந்நீர்.

பன்னிரண்டாம் நாள்
முள் எழுபதுக்குக் கீழே போய் நின்றது.
பத்து ரூபாய் கொடுத்து மீதி வேண்டாம் என்றேன்.
அப்போதும் அவர் திரும்பவில்லை.

தடுப்பூசிப் புதன்கிழமை.
ஜெயசீலி சிஸ்டர் மகளைத் தட்டில் கிடத்தினார்.
என் முள் இறங்கியது போல
அவளுடையது ஏறியிருக்கவில்லை.
அட்டையில் மாதாமாதம் படியேறிவந்த புள்ளி
இந்த மாதம் உட்கார்ந்துவிட்டது.
"என்ன சாப்பிடுறீங்க?"
"எல்லாந்தான்."
பேனாவை அவர் மூடவில்லை.
"எல்லாம்னா?"
நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வீடு பத்து நிமிஷ தூரம்.
வீட்டுக்குப் போகவில்லை.
முனிச்சாலையில் ஒரு மெஸ், ஃபேனுக்கு நேர் கீழே,
மகளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு சாப்பாடு.
எலும்புக் குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு.
பரிமாறிய பையனுக்குப் பதினெட்டு இருக்கும்.
"வைக்கவாக்கா?"
வை.
"இன்னும்?"
வைடா.
ரசத்துக்கு வரும்போது ஊசி ஊசியாய்க் குறுகுறுத்து
முந்தானை நனைந்தது.
வலதுகை இலையில், இடதுகையால் அவளை அணைத்து
மூடிக்கொண்டேன்.
நான் மோருக்குக் கைகாட்டும்போது
அவள் பாதிச் சாப்பாட்டில் இருந்தாள்.
பையன் மோர்வாளியோடு
சுவரில் இருந்த காலண்டரை வாசித்துக்கொண்டு நின்றான்.
இரண்டாவது ஆள்.

சகாயமேரி டெய்லர் ரவிக்கையைப் புரட்டினாள்.
"ரெண்டு இஞ்சு உள்ள விட்டுத்தான் தச்சிருக்கேன்.
கல்யாணப் பொண்ணுக எல்லாருக்கும் விடுவேன்."
பிளேடால் தையலைக் கீறினாள்.
எட்டு விசேஷம் பார்த்து வெளுத்த பச்சைக்கு நடுவில்
வெளிச்சமே பார்க்காத பச்சை
விரலகலத்துக்கு வந்து நின்றது.
"கையைத் தூக்குனா தெரியும்" என்றாள்.

அட்சதை போடக் கையைத் தூக்கினேன்.
வீடியோவில் தெரிகிறது.

இன்றும் நாலு சுற்று. மிஷினில் ஏறுவது மாதம் ஒருமுறை,
ஏழு மணிக்குரியதையும் சேர்த்தே.
மூன்றாம் சுற்றில், மாரியம்மன் கோயில் பக்கம்,
எங்கோ ஒரு பிள்ளை அழுதது.
என்னுடையது இல்லை.
மார்புக்கு அது தெரியவில்லை.
துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துக்கொண்டு
ஓட்டமும் நடையுமாய் வீட்டைப் பார்க்கக் கிளம்பினேன்.
பிள்ளை பெற்ற பிறகு
இவ்வளவு வேகமாய் நான் போனதே இல்லை.
எடை பார்ப்பவர்
குளத்தில் எதையோ தேடத் தொடங்கினார்.