நானோ

ஒரே உலையில் எடுத்த துத்தநாகத் தூள்
ஐந்து குப்பிகளாயிற்று.
நான்கு வேறு ஊர்க் கூடங்களுக்குப் பார்சலில் போயின.
ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டு
காரைக்காலிலிருந்து வலங்கைமானுக்கு
மூன்று பஸ் ஏறினேன்.

குடமுருட்டிக் கரை ஆய்வுக்கூடத்தில்
நூருன்னிசா தொட்டிகளுக்கு எண் ஒட்டியிருந்தாள்.
வயல் சேறு, குறுவை நாற்று, நத்தை, நண்டு.
"தூளுக்கு மேல்பூச்சு என்ன?"
கம்பெனி ரகசியம் என்றேன்.
பேனாவை மூடினாள்.
"பாதியைச் சொல்லிவிட்டு
முழுசாய்ச் சோதிக்கச் சொல்றீங்க."
குப்பியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பதினேழு நாள்.
வக்கீல், காப்புரிமைக்காரர், மறுபடி வக்கீல்.
கடைசியில் ஒரு தாளில் மூன்று வரி
கிடைத்தது.

கொண்டுபோனபோது
மூன்றாம் தொட்டியில் ஒரு நண்டு
ஓடு கழற்றுவதைப் பாதியில் நிறுத்தியிருந்தது.
தூளினாலா, பூச்சினாலா,
ஆனி வெயிலினாலா,
மற்ற நாலு கூடங்களும் எண்ணிச் சொல்லவேண்டும்.
"அதுவரை எழுதாதே" என்றது
போனில் விற்பனைப் பிரிவு.

சன்னலுக்கு வெளியே
யாரோ மடை திறந்துகொண்டிருந்தார்கள்.
தண்ணீர் ஒரு வரப்போடு நிற்கவில்லை,
அடுத்தவர் நஞ்சைக்கும் போனது.

படிவத்தை இழுத்தேன்.
பொருளின் பெயர்: நானோ துத்தநாகம்.
பாதகம் தெரிந்தால் பொறுப்பாளர்:
நானோ?
அதே சொல்தான்.
கொஞ்ச நேரம் பேனா முனையிலேயே நின்றது.

பிறகு என் பெயர்,
இனிஷியலோடு.
நூருன்னிசா கேட்டாள்,
"அடுத்த குப்பி எப்போ வரும்?"